அழாத பிள்ளைக்கு யார் அழுவது?

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சம்பள உயர்வு கேட்ட காலத்திலும் சரி, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்ட காலத்திலும் சரி, சங்கக் கூட்டங்களில் இந்தப் பழமொழி ஒலிக்காத நாள் குறைவு. வாயைத் திறந்து கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். கேட்காதவன் பட்டினி கிடப்பான். பாட்டாளி மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

ஆனால், தோழர்களே, தாய்மார்களே, அழவே முடியாத பிள்ளை ஒன்றும் உண்டு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சைப் பிள்ளைக்கு நோய் முற்றும்போது அது வீறிட்டுக் கத்துவதில்லை. அதன் சத்தம் அடங்குகிறது. கை கால் ஓய்கிறது. பாலை மறக்கிறது. "புள்ள இன்னைக்கு நல்லா தூங்குது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் பேசிக் கொள்வார்கள். அந்தத் தூக்கம்தான் அபாயம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஓர் இரவு

கீழே சொல்லப் போவது ஒரு தனி மனிதரின் கதையல்ல. ஊரும் பேரும் தேட வேண்டாம். ஜெராம் பாடாங், கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஆயர் ஈத்தாம் என்று பகாவைச் சுற்றியிருக்கும் எந்தத் தோட்டத்து வீட்டுக்கும் இது பொருந்தும். படிக்கிறவர்களில் சிலருக்கு, "இது எங்க வீட்டுல நடந்ததுதானே" என்றுகூடத் தோன்றலாம்.

பிள்ளை பிறந்து ஆறாம் நாள். காலையில் இருந்தே சரியாகப் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப் போகிறது. சாயங்காலம் பார்த்தால் முகம் மஞ்சளாக இருக்கிறது, நெஞ்சும் மஞ்சள்தான். பாட்டி பிள்ளையைத் தூக்கிப் பார்க்கிறார். "இது மாந்தம்தான். கொஞ்சம் உரைமருந்து ஊத்துனா சரியாப் போயிடும். காலையில இளவெயில்ல காட்டு" என்கிறார். வசம்பும் மாசிக்காயும் உரைத்துச் சங்கில் ஊற்றுகிறார்கள். பாட்டி மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரி தொலைவிலும், டிரசரின் மருந்துப் போத்தல் ஒன்றே பக்கத்திலும் இருந்த காலத்தில் பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

இரவு பத்து மணிக்குத் தாய் சொல்கிறாள்: "என்னாங்க, புள்ள மேலு சுடுது. எழுப்புனாலும் கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

தகப்பன் என்ன செய்வார்? விடிந்தால் குலை வெட்டப் போக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். வெளியே மழை. பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் தீட்டுக் கழியவில்லை, இந்த நேரத்தில் வெளியே கூட்டிப் போகலாமா என்று வீட்டில் பேச்சு. கையில் இருப்பதோ கொஞ்சம் காசு. "விடியட்டும், பார்ப்போம்" என்ற வார்த்தை அவர் வாயில் தானாக வந்து நிற்கிறது.

அந்த ஒரு வார்த்தைதான் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது.

நல்ல வேளை, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அவரிடம் பழைய காடி ஒன்று இருந்தது. "ஏறுங்கண்ணே, பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்றார். பிள்ளையோடு தாயும் ஏறினாள்.

முகப்பில் நடந்தது

அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமல்ல. முகப்பில் இருந்தவர் மலாயில், "சாக்கிட் அப்பா?" என்று கேட்டார். நம் ஆள் பவ்யமாகக் குனிந்து, "டெமாம் சிக்கிட்" என்றார். கொஞ்சம் காய்ச்சல்!

வழி நெடுக நெஞ்சு பதறிக்கொண்டு வந்த மனிதர்தான். ஆனால் முகப்பின் முன் நின்றதும் நோயைச் சின்னதாக்கிச் சொல்லி விட்டார். பெரிய இடத்தில் நிற்கும்போது நம் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்வது நமக்கு மரியாதையாகப் படுகிறது. அன்று கிராணியின் மேசை முன்னால் கை கட்டி நின்ற பழக்கம் இன்னும் நம் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

கொஞ்சம் காய்ச்சல் என்று சொன்னவருக்கு எண்ணைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார். துணியில் சுற்றிய பிள்ளை தாய் மடியில் சத்தமில்லாமல் கிடந்தது. அந்தப் பக்கம் கையை வெட்டிக் கொண்ட ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருமல் கண்ட மூன்று வயதுப் பிள்ளை ஓங்கி அழுதுகொண்டிருந்தது. கத்துகிறவர்களைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். உண்மையில் அந்தக் கூடத்திலேயே அதிக ஆபத்தில் இருந்தது சத்தமில்லாத அந்தப் பிள்ளைதான்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். "பொறந்து எத்தன நாளு?" என்று கேட்டார். "ஆறு நாளுக்கா." அந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டார். "ஆறு நாளா? அத மொதல்ல சொல்லுறதில்லையா? எந்திரிங்க!" என்று தாயைக் கையோடு கூட்டிக்கொண்டு முகப்புக்குப் போய், "பாயி பாரு லாஹிர், ஈனாம் ஹாரி!" என்றார்.

பிறந்து ஆறு நாள் பிள்ளை. இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தாதி எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு உடனே இரத்தம் எடுத்தார்கள். சின்னக் கையில் ஊசி ஏற்றி மருந்து கொடுத்தார்கள். பின்பு ஆம்புலன்சில் புக்கிட் பூத்துஸ் மலையைத் தாண்டிச் சிரம்பானுக்குக் கொண்டு போனார்கள். இரத்தத்தில் கிருமி, அதோடு மஞ்சளும் ஏறியிருந்தது. நீல விளக்கின் கீழ்ப் பல நாள், கிருமி மருந்து பல நாள். பிள்ளை பிழைத்தது. டாக்டர் சொன்னது ஒரு வாக்கியம்தான்: "விடியும் வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது."

ஏன் இத்தனை அவசரம்?

பெரியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு மாத்திரை போட்டு இரண்டு நாள் பார்க்கலாம். பச்சைப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்க முடியாது. நோயை எதிர்த்துப் போராடும் சக்தி அதன் உடம்பில் இன்னும் முழுதாக ஏற்படவில்லை. கிருமி தொப்புளிலோ, நெஞ்சிலோ, சிறுநீரிலோ புகுந்தால் ஓரிடத்தில் நிற்காது. இரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் சில மணி நேரத்தில் போய்விடக் கூடும். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராது. சுடுவதற்குப் பதிலாக உடம்பு ஜில்லிட்டுப் போகும். அதுவும் அதே நோய்தான்.

உலக அளவில் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாளைக்குள் இறந்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த முதல் 28 நாளில்தான் போகிறார்கள். பிள்ளையின் வாழ்நாளிலேயே கண்டம் நிறைந்த மாதம் முதல் மாதம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. சுதந்திரம் கிடைத்த 1957-இல் தீபகற்ப மலேசியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயது காணாமலே மறைந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. கிராமக் கிளினிக், பயிற்சி பெற்ற மருத்துவச்சி, தடுப்பூசி, நல்ல தண்ணீர், ரோடு ஆகிய எல்லாம் சேர்ந்து செய்த காரியம் இது. ஆனால் கிளினிக் இருந்து என்ன, ரோடு இருந்து என்ன? வீட்டு வாசலில் "விடியட்டும்" என்று நாம் உட்கார்ந்துவிட்டால் அத்தனையும் வீண்தானே?

ஏழு அடையாளம்

"எங்களுக்கு என்னங்க தெரியும், நாங்க டாக்டரா?" என்று கேட்பீர்கள். டாக்டராக இருக்கத் தேவையில்லை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்று ஒரு பின்தங்கிய மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களுக்குப் பச்சைப் பிள்ளையைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படி மூச்சை எண்ணுவது, எப்படிச் சூட்டைப் பார்ப்பது, எந்த அடையாளம் வந்தால் மருந்து கொடுப்பது என்று சொல்லித் தந்தார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்த வேலையில் பச்சைப் பிள்ளைகளின் சாவு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்தப் பெண்களுக்கு முடிந்தது நம் தாய்மார்களுக்கு முடியாதா? அவர்கள் வீட்டிலேயே ஊசி போட வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லையும் இல்லை. அடையாளம் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போதும்.

2008-இல் அதே இதழில், இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கடுமையான நோய் என்று காட்டும் அடையாளங்கள் ஏழு என்று அது கண்டது. அவற்றை நம் பேச்சிலேயே சொல்கிறோம். வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது. முன்னே குடித்த பிள்ளை இப்போது சப்புவதை விட்டுவிட்டது.

2. வலிப்பு வருது. கை கால் வெட்டி இழுக்குது.

3. தொட்டு எழுப்பினால்தான் அசையுது. தானாக அசையாமல் துவண்டு கிடக்குது.

4. மூச்சு வேகமாக வாங்குது. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் போனால் அபாயம்.

5. மூச்சு விடும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழி விழுந்து இழுக்குது.

6. உடம்பு சுடுது, சூடு 37.5 டிகிரி அல்லது அதற்கு மேல்.

7. உடம்பு ஜில்லென்று இருக்குது, சூடு 35.5 டிகிரிக்குக் கீழே.

இந்த ஏழில் ஒன்று இருந்தாலே போதும், அந்த மணி நேரத்திலேயே கிளம்ப வேண்டும். இரண்டாவது அடையாளம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. இதோடு, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும், உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

சூடு பார்க்கும் கருவி ஒன்றைப் பிள்ளை பிறக்கும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. புறங்கையை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் சுடலையே" என்று தீர்மானிப்பது பச்சைப் பிள்ளை விஷயத்தில் போதாது.

மஞ்சளும் வெயிலும்

பிறந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேல் கொஞ்சம் மஞ்சளாவது வழக்கம்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாக மறையும். அதனால்தான், "எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதானே" என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த மஞ்சள் அளவுக்கு மேல் ஏறினால் மூளையில் போய்ப் படியும். அப்புறம் பிள்ளை பிழைத்தாலும் காது கேட்காமல், கழுத்து நிற்காமல், கை கால் வளைந்து ஆயுள் முழுதும் கிடக்க நேரும். அளவு என்ன என்பதை இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்மைப்போல் கறுத்த தோலில் கண்ணை நம்பவே கூடாது.

வெயிலில் காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தில் ரோச்போர்ட் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு நாள் ஒரு பிள்ளையின் உடம்பில் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்க, துணியின் ஓரம் மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1958-இல் விளக்கொளி வைத்தியத்தை உலகுக்கு அறிவித்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் நாம் காணும் நீல விளக்கு அந்தத் தாதியின் கண்ணிலிருந்து பிறந்ததுதான்.

ஆக, வெயிலில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி விளக்கு அளந்து கொடுக்கும் மருந்து. வாசல் வெயில் அளவில்லாதது. வெயிலில் காட்டிக் காட்டியே இரண்டு நாளைக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் ஓடுவதில்தான் பிள்ளை கெட்டுப் போகிறது. மஞ்சள் எப்போதெல்லாம் அவசரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் அவசரம். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால் அவசரம். மஞ்சளோடு பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் மிக அவசரம். 14 நாளுக்கு மேலும் மறையாமல், மலம் வெளுத்துப் போனால் கல்லீரலைப் பார்க்க வேண்டும்; அதையும் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொன்று. சில பிள்ளைகளின் இரத்தத்தில் 'ஜி சிக்ஸ் பிடி' என்ற ஒரு சத்து பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சில மருந்தும், சில மூலிகையும், துணிப்பெட்டியில் போடும் பாச்சா உருண்டையின் வாடையும்கூட இரத்தத்தை உடைத்து மஞ்சளை விறுவிறுவென்று ஏற்றிவிடும். சிங்கப்பூரில் 1965 முதலும், நம் நாட்டில் 1980-களில் இருந்தும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். ஆகவே, வீட்டுக்கு வருமுன் "எங்க புள்ளைக்கு அந்த டெஸ்ட் என்ன ஆச்சு?" என்று தாதியிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் போடும் துணியைப் பாச்சா உருண்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். உரைமருந்தும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேடி வரும் கிராமத் தாதியை வெறும் சடங்குக்கு வருகிறவர்போல் நடத்தாதீர்கள். "எல்லாம் நல்லா இருக்குங்க மிசி" என்று வாசலோடு அனுப்பி விடாதீர்கள். பிள்ளையைத் துணி விலக்கி, வெளிச்சத்தில் காட்டுங்கள்.

வாயைத் திறக்க வேண்டிய இடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் போதாது. அங்கே போய்ச் சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, அடுத்த நிலைக்கு மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை என்று முகப்பிலேயே பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் நாம் சொல்லும் முதல் வார்த்தையில் இருந்துதான் தொடங்குகிறது. "டெமாம் சிக்கிட்" என்றால் பச்சை. "பிறந்து ஆறு நாள், பால் குடிக்கவில்லை" என்றால் நிலைமையே வேறு. நோய் அதுதான், வார்த்தைதான் மாறியது.

ஆகவே, முகப்பில் நின்றதும் இந்த மூன்றைச் சொல்லுங்கள்: பிள்ளைக்கு எத்தனை நாள், என்ன அடையாளம், எப்போது இருந்து. மலாயில் சொல்ல வேண்டுமானால்: "பாயி பாரு லாஹிர், ஈனாம் ஹாரி. தாக் மாவ் மினும் சூசூ டாரி பாகி." பிறந்து ஆறு நாள், காலையில் இருந்து பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். பிள்ளையைச் சுற்றிய துணியை விலக்கிக் காட்டுங்கள். உட்கார வைத்துவிட்டார்கள், பிள்ளை இன்னும் துவளுகிறது என்றால், எழுந்து போய் மறுபடி சொல்லுங்கள். அது வம்பு அல்ல. சண்டை போட வேண்டாம், மேசையைத் தட்ட வேண்டாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். பிள்ளைக்காக இரண்டாம் தடவை கேட்ட தகப்பனை எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார்.

உள்ளே போனதும் இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், சில வேளை முதுகிலிருந்து நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்பார்கள். "முதுகுல ஊசி போட்டா புள்ள முடமாயிடும்" என்று நம்மிடையே ஒரு பயம் இருக்கிறது. முதுகுத் தண்டின் நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். கிருமி மூளையைச் சுற்றிய நீரில் இறங்கியிருக்கிறதா என்று அறியத்தான் அது. பயமாக இருந்தால் ஏன், எதற்கு என்று கேளுங்கள். கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். விவரம் புரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இரத்தச் சோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கி விடுவார்கள். பச்சைப் பிள்ளைக்கு முடிவு வரும் வரை காத்திருக்க நேரமில்லை என்பதே காரணம்.

காசுக்குப் பயப்பட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இன்று நம் பக்கத்து வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குக் கட்டணம் அதிகம். அந்தப் பயத்தில் அவர்கள் தயங்குவார்கள். அவர்கள் பிள்ளையும் பிள்ளைதான். நாம் கூட நின்று நிர்வாகத்திடம் பேசுவது நம் கடமை.

போகும் வழியில் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருந்தால் தலைக்குத் தொப்பி போட்டுப் போர்த்துங்கள். சுட்டால் கனமாகச் சுற்ற வேண்டாம். விழித்திருந்து குடிக்கிற பிள்ளைக்குப் பால் கொடுங்கள். துவண்டு கிடக்கிற பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். டாக்டர் சொல்லாமல் காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம். கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் மோட்டார் சைக்கிளில் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வண்டி இல்லை என்றால் 999-க்கு அடியுங்கள். தோட்டத்தின் பேரோடு எந்த ரோட்டில் நுழைவது, எந்த அடையாளத்தில் திரும்புவது என்பதையும் சொல்லி, ரோட்டு முகப்பில் ஓர் இளைஞரை விளக்கோடு நிறுத்துங்கள். தோட்டத்துக்குள் வழி தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றக் கூடாது.

தீட்டு என்று தாயை வீட்டில் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு மருந்து அவள் மார்பில் இருக்கிறது. சாமி கோபிக்காது.

தோட்டத்தின் கடமை, நம் கடமை

தோட்டத் தொழிலாளியின் சுகத்துக்கு முதலாளியும் பொறுப்பு என்பது புதிய பேச்சல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே அதைச் சொன்னது. 1966-இல் தொழிலாளர் வீடு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் புதுச் சட்டம் வந்தது. அன்று பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்தார்கள். குறையோடு இருந்தாலும் நடுராத்திரியில் தட்ட ஒரு கதவு இருந்தது. இன்று பல இடங்களில் அந்தக் கதவு இல்லை. அதற்குப் பதிலாக இரவில் ஒரு வண்டியாவது இருக்க வேண்டாமா? இரவு அவசரத்துக்கு எந்த வண்டி, யார் டிரைவர், எந்த நம்பர் என்று எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். சங்கத்தின் மூலமாக எழுத்தில் கேளுங்கள். நியாயமான கோரிக்கை இது.

நிர்வாகம் தரும்வரை நாமும் கைகட்டி இருக்க வேண்டாம். காடி வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் முறை போட்டுக்கொள்ளலாம். கோயில் கமிட்டி எண்ணெய்ச் செலவுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். திருவிழாவுக்கு மேளம் பிடிக்கும் இளைஞர்கள், பிள்ளை பெற்ற வீட்டின் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம்: இந்த மாதம் எந்த வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தகப்பன்மார்களுக்கு ஒரு செய்தி. 2023 ஜனவரி 1 முதல், மனைவி பிள்ளை பெற்றால் கணவனுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து ஏழு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். ஐந்து பிரசவம் வரை அது உண்டு. அதே முதலாளியிடம் ஒரு வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாய்க்குப் பேறுகால விடுமுறை 98 நாள். நம் கதையில் வந்த தகப்பனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆறாம் நாள் இரவில், விடிந்தால் குலை வெட்டப் போக வேண்டுமே என்ற கவலை அவர் காலைக் கட்டியிருக்காது. மண்டோரிடம் கேளுங்கள்; கிராணியிடம் கேளுங்கள்; தரவில்லை என்றால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

பகாவ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜெம்போல் ஆஸ்பத்திரி இருக்கிறது. கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரி இருக்கிறது. சிரம்பானில் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலில் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். மேலே அனுப்ப வேண்டுமானால் அவர்களே ஆம்புலன்சில் அனுப்புவார்கள். இவற்றுக்கும் நம் வீட்டுக்கும் இடையே இருக்கும் தூரம் ரோட்டில் இல்லை. "விடியட்டும்" என்ற வார்த்தையில் ஒரு பாதி, "டெமாம் சிக்கிட்" என்ற வார்த்தையில் மறு பாதி இருக்கிறது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றார்கள் பெரியவர்கள். உண்மைதான். ஆனால் அழத் தெம்பில்லாத பிள்ளைக்கு அழ வேண்டியது பெற்றவர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அழுங்கள். ஆஸ்பத்திரி முகப்பில் வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் உரிமைக்கு மட்டும் குரல் கொடுத்துப் பழகிய நாம், பேசத் தெரியாத அந்தச் சின்ன உயிருக்கும் குரல் கொடுக்கக் கற்றுக்கொள்வோம்.

இன்றிரவு உங்கள் லயத்தில் பச்சைப் பிள்ளை இருக்கும் வீடு எது? போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.